பாட்டின் கடைசி இரண்டு வரி

1

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் வெள்ளிக்கிழமை மீன் போடுவார்கள். உப்பும் காரமும் இல்லாத வெள்ளை மீன். நானும் சரவணனும் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுபோய் அதைச் சரிக்கட்டுவோம். சரவணன் திருப்பூர்ப் பக்கத்துக்காரர், இந்த ஜெர்மன் ஊருக்கு எனக்கு முன்னால் வந்தவர். போன வெள்ளிக்கிழமை தட்டை வைத்ததும் வைக்காததுமாகப் போனை என் பக்கம் திருப்பினார்.

"தலைவரே, இதைக் கேட்டீங்களா? உங்க காஞ்சிபுரம் பக்கமாட்டம் தெரியுதுங்க. என்ற தங்கச்சி அனுப்புச்சு. ஊரெல்லாம் இதுதான் ஓடுதாமா."

டேப் மேளத்தில் விழுந்த முதல் தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நம்பரு பிளேட்டு இல்லாத வண்டி – அத
நிறுத்த ஆளில்ல ரோட்டத் தாண்டி
ஏரி மண்ண ஏத்திக்கினு போச்சி – எங்க
தம்பி மூச்சும் சேத்துக்கினு போச்சி

குரல் என் தம்பி டில்லியுடையது. பாட்டைக் கட்டியவன் நான். சரவணனுக்கு இரண்டுமே தெரியாது.

எங்கள் பக்கத்துச் சாவு கானாவில் கடைசி இரண்டு வரி எழுதினவனுக்கும் பாடினவனுக்கும் சொந்தம். எழுதினவன் பேர், ஊர், பாடுகிறவன் பேர், எல்லாம் அதில் வந்தாக வேண்டும். ரீல்ஸில் ஓடுவது பெரும்பாலும் நடுவில் வெட்டிய துண்டு என்பதால் அந்த இரண்டு வரி இத்தனை நாள் வெளியே தெரியாமல் இருந்தது. சரவணன் கையில் இருந்ததோ முழுப்பாட்டு. மேஜையைச் சுற்றி நான்கைந்து தமிழர்கள். என் பேர் வரப்போகிறது. வாயில் இருந்த மீனை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பேர் வரவில்லை.

கட்டனதும் டில்லி, பாடறதும் டில்லி
கேக்க வந்தவனுக்கு நான்தாண்டா புள்ளி

அப்பாடா என்று தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. டில்லி அப்படிப் பாடுகிறவன் இல்லை. பாடியிருக்கிறான் என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. வெளியே வந்து அவனைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

2

நான் உத்திரமேரூர்ப் பக்கம் பெருநகர் என்ற ஊருக்கு அருகில் ஒரு சின்ன ஊரின் காலனியில் பிறந்தவன். ஊர் பேரை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். பயம்தான் காரணம்.

நைனா நடவுக்கும் அறுப்புக்கும் கூலி போனவர். வேலை இல்லாத நாளில் மைக்செட்டுக்காரரின் புனல் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் கட்டுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் தெருவின் எழுத்து வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. ரேஷன் கார்டுக்கு மனு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி பேனர். கடைசியில் சாவுக்குக் கானா.

செத்தவர் வீட்டில் போய் உட்காருவேன். அவருக்கு என்ன பிடிக்கும், யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தார் என்று கேட்பேன். பெண்கள் அழுதுகொண்டே சொல்வார்கள், நடுவில் ஏதாவது நினைத்துச் சிரிப்பார்கள், மறுபடியும் அழுவார்கள். அதை வைத்து நான் கட்டுவேன். டில்லி பாடுவான். அவனுக்கு எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை, ஆனால் ஒரு தடவை சொன்னால் போதும், அடி மாறாமல் பாடிவிடுவான்.

பிணத்தின் எதிரில் களவுப் பாட்டு பாடக் கூடாது. இது எங்களிடம் சட்டம் மாதிரி. செய்யாற்றுப் பக்கமிருந்து வந்த ஒரு பாடகர் வேறு யாரோ கட்டிய பாட்டைத் தன் பேரில் முடித்தார். இறந்துபோன பெண்ணின் அக்கா தலைவிரி கோலமாக எழுந்து வந்தாள்.

"எங்க பொண்ணு மூஞ்சி எதுர்ல பொய் பேசறியே, உனுக்கு வாயி கூசல? மைக்க வெய்யி."

அவர் வைத்துவிட்டார். டேப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போனவரை ஒருவரும் டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. டில்லிக்கு அப்போது மீசை முளைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன்தான் இப்போது 'கட்டனதும் டில்லி' என்று பாடுகிறான்.

3

இந்தப் பத்து வருஷத்தில் பாட்டு எங்கள் ஊரில் என்ன ஆகிவிட்டது என்பதை இங்கே யாருக்கும் என்னால் விளக்க முடியவில்லை. சரவணனுக்கே பாதிதான் புரிகிறது.

நைனா ஸ்பீக்கர் கட்டிய காலத்தில் ஒரே பெட்டி இரண்டு தெருவுக்கும் போகும். பாட்டும் ஒன்றுதான். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது, முதுகில் மாட்டுகிற ஸ்பீக்கர் வந்தது, ஒவ்வொரு சாதிக்கும் தனியாகப் பாட்டு வந்தது. ஊர்த்தெருப் பையன்கள் டிராக்டரில் அவர்கள் பெருமையைப் பாடவிட்டுக் காலனி முனையில் வேகத்தைக் குறைப்பார்கள். எங்கள் பையன்கள் பதிலுக்கு எங்கள் பாட்டைப் போடுவார்கள். சத்தத்தை யார் முதலில் குறைப்பது என்பதில் இரண்டு திருவிழா நின்றுபோனது. ஒரு தடவை கல் பறந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் சமாதானக் கூட்டம். ஒரு வருஷம் காலனி சார்பில் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். அதிகாரி ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போடக் கூடாத பாட்டுகளின் முதல் வரிகளைத் தேர்வுத் தாள் வாசிப்பதுபோல் ராகமில்லாமல் வாசித்தார். ஊர்வலம் பள்ளிக்கூட முனையைத் தாண்டும் வரை எந்தப் பாட்டும் கூடாது, தாண்டிய பிறகு பக்திப் பாட்டு மட்டும் என்றார்.

ஊர்த்தெரு நாட்டாண்மை மகன் எழுந்தார். "சார், பக்திப் பாட்டுலயே எங்க ஆளுங்க பேரு வருது சார். அது போடலாமா?"

"அந்த வரி வர்றப்ப மேளத்த ஓங்கி அடிச்சிடு," என்றான் என் பக்கத்தில் இருந்த டில்லி.

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டார்கள். மூலையில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் டில்லியின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார். எனக்குப் பயம் தொடங்கிய இடம் அதுதான்.

நான் பாலிடெக்னிக் படிக்க உத்திரமேரூர் பஸ்ஸில் போய்வந்த நாட்களில் போனில் எந்தப் பாட்டை மணியாக வைப்பது என்பதே பிரச்சனை. எதை வைத்தாலும் யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து, இவன் எந்தத் தெரு என்று முடிவு செய்துவிடுவார். வெறும் டிரிங் டிரிங்குக்கு மாற்றினேன். ஒரகடத்தில் வேலை கிடைத்து, அந்தக் கம்பெனியே என்னை இங்கே அனுப்பி, கல்யாணமாகி, பெண் பிறந்து இத்தனை வருஷம் ஆகியும் என் போன் வெறும் மணிதான் அடிக்கிறது.

டில்லி எதையும் மாற்றவில்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அவனைத் தேடி வருவார்கள். காலையில் ஒரு ஆட்டோவில் ஒரு சின்னம், சாயங்காலம் அதே மெட்டில் இன்னொரு சின்னம். "தொண்ட ஒண்ணுதாணா, ஓட்டு வேறணா," என்பான்.

4

விமல் என் சித்தப்பா மகன். ஏரிக்கரை ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தவனை மண் லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது. ஏரியில் வண்டல் எடுப்பதாகச் சொல்லி ஆளுயரத்துக்கு மண் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த லாரிகளுக்கு நம்பர் பிளேட் இருக்காது, இருந்தாலும் சேறு பூசியிருக்கும். யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள்.

செய்தி வந்தபோது இங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உடனே கிளம்பினாலும் எடுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. தொழிற்சாலை கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு போனில் வரி வரியாகச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தத்துக்கு நடுவில் டில்லி திருப்பிச் சொல்லிப் பார்த்தான். "அண்ணா, 'மூச்சும்'னு வர்ற எடத்துல அழுத்தட்டா?" என்று கேட்டான். "அழுத்து," என்றேன். கை விறைத்து, போன் விழுந்து, எடுத்து, மறுபடியும் சொன்னேன்.

சாவுக்கு நான் போகவில்லை. என் பேர் போயிற்று. கடைசி இரண்டு வரியில் என் பேரை டில்லி பாடியபோது சித்தி, "வந்துட்டியாடா பெரியவனே" என்று கதறினாளாம். நைனா சொன்னார்.

யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் போன் போனாகப் பரவிவிட்டது. தேர்தல் நெருங்கியதும் ஒரு கட்சி அந்தப் பாட்டை ஆட்டோவில் கட்டி ஊர் ஊராகப் போட்டது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சாவு அவர்களுக்கு ஓட்டுப் பாட்டு ஆயிற்று, எதிர்க்கட்சிக்கு அவதூறு ஆயிற்று. இரு தரப்பினரிடையே பகையைத் தூண்டும் பாடல் என்று டில்லி மேல் கேஸ் போட்டார்கள். எழுதினவன் யார் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. லாரியைப் பற்றிச் சித்தப்பா கொடுத்த புகார் எங்கே இருக்கிறது என்று இதுவரை தெரியவில்லை.

5

இங்கே என் பக்கக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட் முடியப்போகிறது. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் இங்கே தங்கும் அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள். அட்டை இல்லாவிட்டால் வேலை இல்லை. புதுப் பாஸ்போர்ட் கேட்டு எழுதிப் போட்டேன். ஊர் ஸ்டேஷனில் விசாரித்து, என் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று வந்தால்தான் கிடைக்கும் என்றார்கள்.

வெளிநாட்டார் அலுவலகத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார், நரைமுடி, கோபமே வராத முகம். ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் உண்டு. பயத்தில் எனக்கு இரண்டும் கலந்துவிட்டது. "நீ எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடு" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தாமதம் ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் ஒரு பாட்டு எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? "எங்கள் ஊரில் எல்லாமே கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும்," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

6

டில்லி மறுநாள் மத்தியானம் வரை போனை எடுக்கவில்லை. நைனாவைக் கூப்பிட்டேன்.

"ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருந்தாங்க. இப்பதான் வந்தான். சோறு துன்னுக்கினு கீறான். நீ ஒண்ணும் பேஜார் ஆவாத," என்றார். அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

பிறகு டில்லி வாங்கிப் பேசினான்.

"அண்ணா, நல்லா கீறியா? பாப்பா இன்னா பண்ணுது?"

"அதெல்லாம் இருக்கட்டும். பாட்ட ஏன்டா மாத்தன?"

"உன் பாஸ்போர்ட்டு பேப்பரு வந்துக்கீது. ஏட்டு நம்ம வூட்டு வாசல்ல நின்னுக்கினு உன் பேரப் படிக்கிறாரு. இந்த ஆளு மேல எதுனா கேஸ் கீதான்னு கேக்கறாரு. அதே பேரு பாட்டுலயும் கீது. இன்னும் அவுங்களுக்குத் தெரியல, வெட்டின துண்டத்தான் வெச்சிக்கினு கீறாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு. அன்னிக்கே புதுசா பாடி எல்லாருக்கும் அனுப்பிட்டேன். பழசு அதுல முங்கிடும்."

"விமலு பாட்டுலயா பொய் சொல்லுவ?"

"விமலு ஒண்ணும் சொல்லமாட்டான். அவுனுக்கு நீன்னா உசுரு."

"உன்ன உள்ள வெச்சிட்டா?"

"வெச்சா இன்னா, சோறு போடுவாங்க. உன்ன மாதிரி உப்பில்லாத மீனா துன்னப் போறேன்?"

நான் சிரிக்கவில்லை. "அடிச்சாங்களா?"

"அடிக்கலணா. பாட்டப் பாடுன்னாங்க. பாடனேன். இன்னொரு தபா பாடுன்னாங்க. மறுபடி, மறுபடி. ஒருத்தர் போன்ல எடுத்துக்கினே கீறாரு. ஸ்டேஷன் ரைட்டரு காலால தாளம் போட்டுக்கினு கீறாரு, அவுருக்கே தெரியல. கடைசியா தொண்ட வரல. அப்பவும் பாடுன்னாங்க."

என் தம்பி பாடப் பயந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காஞ்சிபுரத்தில் எங்களுக்காகப் பேச வந்திருக்கும் வக்கீலம்மாவிடம் அன்றைக்கே பேசினேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "யாரோ கட்டிக் கொடுத்த சாவுப் பாட்டைப் பாடினேன்னு அவர் சொல்லியிருந்தா ஜாமீன் கேக்க எனக்கு வழி இருக்கும் சார். இப்ப எழுதினதும் நானே, பாடினதும் நானேன்னு அவரே ஊருக்கெல்லாம் சொல்லிட்டார். கூட 'கேக்க வந்தவனுக்கு'ன்னு ஒரு வரி. அதை அவங்க சவாலா எடுத்துக்கறாங்க. கூடிய சீக்கிரம் ரிமாண்ட் பண்ணுவாங்க."

"நான் எழுதினேன்னு சொன்னா?"

"அவருக்கு நல்லது. உங்களுக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

7

என் மகள் இனியாவுக்கு நாலு வயது. பொம்மையோடு ஜெர்மனில்தான் சண்டை போடுகிறாள். அவள் முழுதாகச் சொல்லும் தமிழ் வாக்கியங்கள் அந்தப் பாட்டில் இருப்பவை மட்டும்தான். பாட்டிலே வண்டி வருகிறதே. அவளுடைய பாலர் பள்ளி டீச்சர் ஒரு நாள் என்னிடம், என்ன பாட்டு அது என்று கேட்டார். லாரியைப் பற்றியது என்றேன். பொய் இல்லை. இப்போது அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பொம்மை லாரியை உருட்டிக்கொண்டு "நம்பரு பிளேட்டு, நம்பரு பிளேட்டு" என்று கத்துகிறார்கள். விமல் அதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை டில்லி மாற்றிப் பாடிய புதுப் பாட்டைச் சமையலறையில் ஓட விட்டேன். இனியா கூடவே பாடிக்கொண்டு வந்தாள். கடைசி இரண்டு வரியில் அவள் பழையபடி என் பேரைப் பாடினாள், போன் வேறு பாடியது. பாட்டை நிறுத்தி, "ஃபால்ஷ்!" என்றாள். தப்பு என்று அர்த்தம். போனை என் கையில் கொடுத்து, சரி பண்ணச் சொன்னாள்.

என் மனைவி தேன்மொழி அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. அவள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர்ப் பெண். அவர்கள் ஊர்த் திருவிழாவிலும் கல் பறந்ததைப் பார்த்தவள்.

"நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்னு தெரியுது," என்றாள். "பேரச் சொல்லிட்டா பாஸ்போர்ட்டு வராது. அட்ட போயிடும். கேஸோட ஊருக்குப் போயி எறங்கணும். இவளுக்கு அங்க யாரையும் தெரியாது, பேச்சும் வராது. இவள இட்டுக்கினு எங்க போறது?"

"தெரியல."

"பயமா கீதுங்க."

"எனக்கும்தான்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பாத்திரம் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன். குழாயை நிறுத்தியபோது அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்க அண்ணன் கல்யாணத்துக்கு டில்லி பாட வந்துச்சி. முன்னாடி நாள் சாவு வூட்ல பாடித் தொண்ட கட்டியிருந்தது. அப்பவும் எங்க அம்மா கேட்டாங்கன்னு பாடிச்சி," என்றாள். கையை நீட்டி, "போனக் குடுங்க. நான் புடிக்கிறேன். நீங்க புடிச்சா கை ஆடும்," என்றாள்.

நான் பாடகன் இல்லை. எழுதுகிறவன் பாடினால் எப்படி இருக்குமோ அப்படிப் பாடினேன். விமல் யார், எப்படிச் செத்தான், அவனுக்கு நான் கட்டிய பாட்டு இது, என் தம்பி அதைப் பாடியது மட்டும்தான் என்று சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி இரண்டு வரி வரைக்கும் பாடினேன். வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். பழைய பாட்டு எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் போகும்படி விட்டேன். சரவணனுக்கும் அனுப்பினேன். அவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "தலைவரே, மீனை எப்படி முழுங்குனீங்க அன்னைக்கு?"

டில்லி கூப்பிட்டான். முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சுதி போயிடிச்சிணா. நீ பாடாத. எழுதறதோட நிறுத்திக்கோ," என்றான்.

"நாளைக்குக் கேட்டா இன்னா சொல்லுவ?"

"எங்க அண்ணன் எழுதிச்சி, நான் பாடனேன்னு சொல்றேன்."

"அவ்வளவுதான் சொல்லணும். புள்ளி கிள்ளின்னு வீறாப்பு பேசாத."

"சரிணா."

இதை எழுதும்போது அவன் வெளியேதான் இருக்கிறான். வக்கீலம்மா முன்ஜாமீன் கேட்டிருக்கிறார். என் பாஸ்போர்ட் பற்றி ஒன்றும் வரவில்லை. வாசல் மணி அடித்தால் தபால்காரர் என்று தெரிந்தும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். அந்த நரைமுடி அம்மாளை அடுத்த மாதம் பார்க்க வேண்டும். இந்தத் தடவை நீங்கள் என்றுதான் கூப்பிட வேண்டும், பாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்கான ஜெர்மன் வார்த்தைகளைத் தேன்மொழியிடம் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு 'நீ' வந்துவிடுகிறது.

ஊர்ப் பக்கம் இருந்து இதைப் படிக்கிற நீங்கள், என் பேரும் ஊரும் இல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். விமலுக்கான பாட்டைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் முடித்தால் சித்தி முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

கட்டிக் குடுத்தவன் மேட்டுக்கொல்ல குமரேசு
கூடப் பொறந்த டில்லி பாடறேன், நீ யோசி